திங்கட்கிழமைப் பயறு

ஜெபராஜ் சொன்னதை நான் முழுதாக நம்பியதில்லை. பதினேழு வருஷமாக நம்பியதில்லை. நம்பவில்லை என்று அவனிடமும் சொன்னதில்லை, வீட்டிலும் சொன்னதில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவன் சொன்னதையே நானும் வரி பிசகாமல் திருப்பிச் சொன்னேன், அவர்கள் உச்சுக்கொட்டினார்கள், என் குரல் மட்டும் யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிக்கிறவன் குரல்போல எனக்கே கேட்டது. அவன் சொன்னது இவ்வளவுதான். அமெரிக்காவில் லூசியானா பக்கம் என் தம்பி பரிதியும் ஜெபராஜும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். அந்த ஊரில் திங்கட்கிழமை என்றால் சிவப்புப் பயறும் சோறும்தானாம். அந்தக் காலத்தில் திங்கட்கிழமை துணி வெளுக்கிற நாள், பெண்டுகள் காலையில் பயறை அடுப்பில் ஏற்றிவிட்டுத் துவைக்கப் போய்விடுவார்கள், அது தன்னால் வெந்துகொண்டிருக்கும், அப்படி வந்த வழக்கம். பரிதியும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தத் திங்கட்கிழமையும் சாயங்காலம் நாலு மணிக்கு இரும்புச் சட்டியில் பயறை ஏற்றித் தீயைக் குறைத்துவைத்துவிட்டு, வேக இரண்டு மணி நேரம் ஆகுமே என்று வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றங்கரையில் நடக்கப் போயிருக்கிறான். ஆறு என்றால் பெரிய ஆறு இல்லை, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத கலங்கல் தண்ணீர். இறங்குகிற மரப்படியில் பாசி. வழுக்கிவிட்டது. ஆறு மணிக்கு ஜெபராஜ் வேலையிலிருந்து வரும்போது வீடெல்லாம் பயறு வாசனை, சட்டி அடிப்பிடிக்க ஆரம்பித்திருந்தது, அவன்தான் அடுப்பை அணைத்திருக்கிறான். அங்கே கொடுத்த காகிதத்திலும் விபத்து என்றுதான் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் முதல் தடவை போனில் இதைச் சொல்லி முடித்துவிட்டு ஜெபராஜ் ஒன்று சேர்த்துச் சொன்னான். "சாவப்போறவன் அடுப்பப் பத்த வச்சிட்டுப் போவானாண்ணே?" என்றான். நான் அப்படிக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அவன் ஏன் பதிலை வைத்திருந்தான் என்ற இடத்தில்தான் என் மனசு அன்றைக்கு இடறி விழுந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

இன்றைக்கு அந்தத் தேதி. இந்த வருஷம் அது திங்கட்கிழமையிலேயே விழுந்திருக்கிறது. திதி போன வாரமே முடிந்தது, எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று. ஆனால் ஜெபராஜுக்குத் திதி கிடையாது, அவனுக்கு இங்கிலீஷ் தேதிதான். நாகர்கோவிலுக்கே திரும்பி வந்துவிட்டான், வருஷம் தவறாமல் இந்தத் தேதியில் காலை பதினொரு மணிக்குக் கூப்பிடுவான், பரிதியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை, பிறகு பிள்ளைகள் படிப்பு, மழை. அவன் கூப்பிடுவதற்கு முன்னால் அந்தப் பயறை ஒரு தடவை அடுப்பில் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது? இரண்டு மணி நேரத்தில் பயறு என்ன செய்கிறது, எப்போது வாசனை வருகிறது, எப்போது அடிப்பிடிக்கிறது என்று நின்று பார்த்தால் ஜெபராஜ் சொன்னது உள்ளதா இல்லாததா என்று பயறே சொல்லிவிடும் என்று நினைத்தேனா? ஐம்பத்தாறு வயதில், வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன், பாலைத் தவிர எதையும் காய்ச்சத் தெரியாதவன், எட்டரை மணிக்கு அடுப்பு முன்னால் போய் நின்றுகொண்டால் கற்பகம் சும்மா விடுவாளா? கையில் இருந்த தாளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பரிதி அவளுக்கு ஈமெயிலில் எழுதியது அது, நான்தான் கடையில் பிரிண்ட் எடுத்து வந்து கொடுத்தேன், அவள் ஒருநாளும் செய்யவில்லை. 'மதினி, ராஜ்மா கால் கிலோ. டப்பாவிலயும் விக்கான், அது வாய்க்கு வெளங்காது, காஞ்ச பயறுதான் வேணும். பல்லாரி வெங்காயம் ரெண்டு, குடமிளகாய் ஒண்ணு, செலரின்னு ஒரு தண்டு. இந்த மூணையும் இங்க பிதா சுதன் பரிசுத்த ஆவிங்கிற மாதிரிச் சொல்லுதாங்க, ஜெபாவுக்கு ஒரே பெருமை. செலரி பாளையங்கோட்டையில கெடைக்காது, கொத்தமல்லித் தண்டு போட்டுக்கோங்க. நம்ம மொளகா வத்தப் பொடி போதும். வெந்ததுல பாதியச் சட்டி ஓரத்துல வச்சு நசுக்கி விடணும், அப்பத்தான் கொழகொழன்னு வரும். அவசரப்படாதீங்க. அவசரப்பட்டா வராது.' கற்பகம் அதைப் படிக்காமல் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, குக்கரை எடுத்து மேடையில் வைத்தாள். வேண்டாம் என்றேன். அங்கே குக்கர் கிடையாது. அம்மா ஆசையாகக் கொடுத்துவிட்ட குக்கரை விமான நிலையத்தில் எடை கூடுதல் என்று பெட்டியிலிருந்து எடுத்து அவன் என் கையில் கொடுத்தான், "நீயே சோறு பொங்கித் தின்னுண்ணே" என்று சிரித்தான், அந்தக் குக்கர்தான் இது. சட்டியில்தான் வைப்பேன் என்றேன். சிலிண்டர் தீர்ந்தால் நீங்களேதான் தூக்கி வரணும், எனக்கு ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்குத் துணி காயப்போடப் போனாள். திங்கட்கிழமை. துணி. எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. பயறைச் சட்டியில் கொட்டினேன். சரளைக்கல்லைத் தகரத்தில் கொட்டினாற்போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் என் கை நின்றுவிட்டது. எதையோ ஞாபகப்படுத்தியது, எதை என்று தெரியவில்லை, தண்ணீரை ஊற்றியதும் அதுவும் அடங்கிவிட்டது.

ஒன்பதரை. தண்ணீர் கொதிக்கிறது, வெங்காயமும் குடமிளகாயும் பூண்டும் வதக்கிக் கொட்டியாயிற்று, உப்பு போட்டாயிற்று. பயறு அடியில் கல்மாதிரிக் கிடக்கிறது. வாசனை குடமிளகாய் வாசனைதான், பயறு வாசனை இல்லை. இந்தச் சட்டியில் ஒன்று குறைகிறது, அதை வைத்துத்தான் என் சந்தேகம் வேர்விட்டது என்று சொல்லலாம். சாசேஜ். புகையில் வாட்டிய பன்றி இறைச்சியைக் குடலில் அடைத்தது, அது இல்லாமல் அந்தப் பயறு அந்தப் பயறே இல்லையாம். நாங்கள் சைவம். முட்டை வாங்கின கடைப் பையைக்கூட அம்மா வாசலில் வைக்கச் சொல்வாள். செய்தி வந்த அன்றைக்கு ஜெபராஜ் அம்மாவிடமும் பேசினான். அம்மா அழுகைக்கு நடுவே கேட்டது ஒன்றே ஒன்று: கடைசியாப் பிள்ளை என்ன ஆக்கினான்? பயறுதாம்மா, வெறும் பயறு, நம்ம வீட்டுப் பயறுமாதிரி என்று அவன் சொல்லியிருக்கிறான். அம்மாவுக்கு அதில் ஒரு ஆறுதல். சாகும் வரைக்கும், ஒன்பது வருஷம், எம் பிள்ளை அத்தனை தூரத்துல போயும் வாய் சுத்தமா இருந்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காரியமெல்லாம் முடிந்தபிறகு ஜெபராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணே, அம்மாகிட்ட நான் சாசேஜைச் சொல்லலை, அவன் எப்பவுமே போடுவான், உங்களுக்கு மட்டும் தெரியட்டும் என்றான். நல்ல பையன். அம்மா மனசு புண்படக்கூடாது என்று செய்தது. ஆனால் எனக்கு அப்போது வேறொன்று உறைத்தது. ஒரு வார்த்தையில் சட்டியிலிருந்து பன்றியை எடுக்கத் தெரிந்தவனுக்கு, இன்னொரு வார்த்தையில் அடுப்பின் மேல் சட்டியை வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அம்மாவுக்கு, அம்மாவுக்கு வேண்டியதைக் கொடுத்தான். எனக்கு, எனக்கு வேண்டியதை. அதன்பிறகு நான் கதையை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன், ஓட்டை எங்கே என்று. பாசி, மரப்படி, வழுக்கல். பரிதி தாமிரபரணிப் பிள்ளை. குறுக்குத்துறையில் வெள்ளம் மண்டபத்தை முக்கால்வாசி முக்கிக்கொண்டு போகிற கார்த்திகை மாசத்தில் அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தவன், ஏல வேண்டாம்ல என்று நான் இக்கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தப் பிள்ளை ஓடாத தண்ணீரில் எப்படி? தலையில் அடிபட்டிருக்கலாம் என்றார்கள். அடிபட்டிருக்கலாம். படாமலும் இருந்திருக்கலாம். நீச்சல் தெரிந்தவன் தண்ணீருக்குள் நீந்தாமல் இருப்பதற்கு ஒரு காரணம்தான் உண்டா, இரண்டு காரணம் உண்டா என்று பதினேழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், குளிக்கும்போது, பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில். கரண்டியால் ஒரு பயறை எடுத்து ஊதி நசுக்கிப் பார்க்கிறேன். நசுங்கவில்லை. வழுக்கி ஓடுகிறது.

பத்தேகால். தண்ணீர் சுண்டிவிட்டது, மறுபடி ஊற்றினேன். நிறம் மட்டும் தண்ணீருக்கு இறங்கியிருக்கிறது, செம்மண் கரைத்தாற்போல. இன்னும் முக்கால் மணியில் போன் வரும். எனக்குள்ளே ஒரு பயம் மெல்ல மேலே வருகிறது, பழைய பயம், இடம் மாறாமல் அதே இடத்தில் கொதிக்கிற பயம். அங்கே சாயங்காலம் நாலு மணி என்றால் இங்கே என்ன மணி என்று கணக்குப் போடுவதைக் கை தன்னால் விரல்விட்டுச் செய்கிறது, பாதியில் நிறுத்துகிறேன், எல்லாக் கணக்கும் ஒரே இடத்துக்குத்தான் போகும், அந்த இடத்துக்கு நான் போகமாட்டேன். பயறைப் பார். பயறு வேகவில்லை. ஒரு மணி நாற்பத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது, அங்கே இந்நேரம் வீடெல்லாம் வாசனை, அடிப்பிடிக்கிற நேரம். இங்கே கல். அப்படியென்றால் அது பொய். அப்படியென்றால் அங்கே சட்டியே இல்லை, அடுப்பே இல்லை, என் தம்பி எதையும் பற்றவைக்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான். இதைக் கண்டுபிடிக்கத்தானே நின்றேன்? கண்டுபிடித்தாயிற்றே? மேடையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது கற்பகம் காலி வாளியோடு இறங்கி வந்தாள், சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், ஒரு பயறை எடுத்துப் பல்லில் கடித்துத் துப்பினாள். எப்ப ஊறப்போட்டீங்க என்றாள். எனக்குப் புரியவில்லை. என்ன ஊறப்போடுவது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் முதலில் கேலிதான் இருந்தது. "கல்யாணமாகி இருவத்தாறு வருஷமாச்சு. ஒருநாளாவது காலையில நெனச்சு மத்தியானம் கொண்டக்கடலைக் கொழம்பு தின்னிருக்கீங்களா? முந்தின நாள் ராத்திரியே ஒருத்தி நெனச்சு ஊறப்போட்டாத்தான் மறுநாள் உங்க இலையில விழும். நீங்க இன்னிக்குப் பூரா நின்னாலும் இது வேகாது" என்றாள். தாளில் அது இல்லையே என்றேன். எனக்கு எழுதினதுதானே, எனக்குத் தெரியாதா என்று எழுதலை, கொழுந்தனாருக்கு அந்த அறிவு உண்டு என்று சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஏங்க, உக்காருங்க என்றாள்.

உட்காரவில்லை. முந்தின நாள் ராத்திரி. ஒருவன் நினைத்தால்தான். நான் ஒருநாளும் நினைக்காதவன், நினைத்து வைத்ததை இலையில் கண்டு தின்றே வளர்ந்தவன், அதனால்தான் பதினேழு வருஷமாக அந்தக் கதையைத் திங்கட்கிழமை நாலு மணியிலிருந்தே ஆரம்பித்துக்கொண்டிருந்தேன். அது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆரம்பித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அங்கே ராத்திரி எட்டரை, இங்கே திங்கட்கிழமை காலை ஏழு. போகமாட்டேன் என்ற இடத்துக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள், அவளுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, அன்றைக்குப் பரிதி என்னைக் கூப்பிட்டிருந்தான் என்பது வேண்டுமானால் தெரியும், என்ன பேசினோம் என்பது தெரியாது. நான் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டு நின்றேன், ஏழரை பஸ், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். அவன் தூக்கம் வரமாட்டேங்குதுண்ணே என்றான். அதை முந்தின வாரமும் சொன்னான். இங்க யார்ட்டப் பேசினாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிற மாதிரி இருக்கு என்றான். நான் பித்தான் போட்டேன். "அண்ணே, நான் வந்துரட்டுமா?" என்றான். நான், அம்மாவுக்கு மூத்திரப் பை மாற்றிவிட்டு வந்திருந்த நான், எங்கேயும் போகாத நான், போகவேண்டும் என்று ஒருகாலத்தில் ஆசைப்பட்டு அதையும் யாரிடமும் சொல்லாத நான், சொன்னேன்: "வந்து? இங்க யாரு ஒனக்கு எலை போட்டு வச்சிருக்கா?" அதுதான். அவ்வளவுதான். திட்டவில்லை, சத்தம் போடவில்லை, பேச்சுக்குப் பேச்சு சொல்கிற ஒரு சொலவடை, நாலு பேர் நாலு தடவை என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு, சரிண்ணே, வச்சிரட்டுமா என்றான். வைத்துவிட்டான். அந்தப் பேச்சில்லாத நேரம் எவ்வளவு நேரம்? அதில் என்ன இருந்தது? இப்போது, இன்றைக்கு, இந்தச் சட்டி முன்னால் நின்று சொல்கிறேன், அந்தப் போனில் எங்கேயோ ஒரு சத்தம் இருந்தது. குழாய்த் தண்ணீர் திறந்த சத்தம். அதற்கு முன்னால் சரளைக்கல்லைத் தகரத்தில் கொட்டினாற்போல. காலையில் என் கை நின்றது அதற்குத்தான். இருந்ததா? அல்லது இப்போது வேண்டும் என்பதால் கொண்டுபோய் அங்கே கொட்டுகிறேனா? ஜெபராஜ் அடுப்பில் சட்டியை வைத்தான் என்று சந்தேகித்தேனே, நான் போனுக்குள் பயறைக் கொட்டுகிறேன். சரி, இருந்தது என்றே வைத்துக்கொள். நான் சொன்னதற்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால் ஒன்றுமில்லை, அது என் பதிலைக் கேட்பதற்கு முன்பு இருந்த பரிதி போட்டது, அவனுக்கு நாளை இருந்தது, அதைத்தான் நான் இல்லையென்றேன். பின்னால் என்றால், யாரும் இலை போடவில்லை என்று அண்ணன் சொன்ன பிறகும் என் தம்பி தனக்கென்று நாளைக்கு ஒரு பிடி பயறை எடுத்துத் தண்ணீரில் போட்டிருக்கிறான். அது போதும் எனக்கு. போதுமா? ஞாயிற்றுக்கிழமை ஊறப்போட்டவன் திங்கட்கிழமையும் அதே மனுஷன்தானா? பயறு ராத்திரி முழுக்க ஊதிப் பருத்துக்கொண்டிருக்கும்போது அவன் பக்கத்து அறையில் தூங்காமல் கிடந்திருப்பானே, அப்போது என் வார்த்தையும் அவனுக்குள் ஊறிக்கொண்டுதானே இருந்திருக்கும்? ஊறினதைக் கொட்டமுடியாமல் அடுப்பில் ஏற்றிவிட்டுப் போகிறவனும் உண்டு, உணவை வீணாக்காதே என்று வளர்த்த வீடு எங்களுடையது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்.

பத்து ஐம்பத்தைந்து. கற்பகம் அடுப்பை அணைக்கப் போனாள், வேண்டாம் என்று கையைக் காட்டினேன், சிறு தீயில் வைத்துவிட்டு என் பக்கத்திலேயே முறத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், அதில் ஒன்றும் இல்லை, சும்மா வைத்துக்கொண்டாள். ஜெபராஜிடம் என்ன கேட்பது? அன்றைக்கு அடுப்பில் பயறு இருந்ததா என்று கேட்டால் இருந்தது என்பான், பதினேழு வருஷமாகச் சொல்கிற பதில், உள்ளதானாலும் இல்லாததானாலும் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது, அதில் என் நகம் ஏறாது. அவனாகவா விழுந்தான் என்று கேட்டால் ஐயோ அண்ணே என்பான். அவன் பதில் வைத்திராத கேள்வி வேண்டும். ஜெபராஜுக்குச் சமையல் தெரியாது, அவனுக்கு வெந்நீர்கூட அடிப்பிடிக்கும் என்று பரிதி எழுதியிருக்கிறான். ஊறப்போடவேண்டும் என்பது தெரியாதவன் அதற்குப் பொய்யும் வைத்திருக்கமாட்டான், இத்தனை வருஷம் நான் அந்தக் கேள்வியை வைத்திராததுபோல. அவன் யோசித்தால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்து? நான்தாம்ணே போட்டேன், அவன் சொல்லித்தான் போட்டேன் என்றால்? அவன்தான் போட்டான், போன் பேசிவிட்டு வந்து போட்டான், என்ன பேசினான் என்பதும் எங்கிட்டச் சொன்னான் என்றால்? இதுதான் உண்மையான பயம், இதைத்தான் இத்தனை நேரமும் பயறு பயறு என்று மூடிவைத்தேன். அந்த இலையைப் பற்றி ஜெபராஜுக்குத் தெரியும். தெரிந்துதான் வருஷா வருஷம் கூப்பிடுகிறான், தெரிந்துதான் அடுப்பைப் பற்றவைத்தான், எரியாத அடுப்பை எனக்காக இந்தப் பதினேழு வருஷமும் எரியவிட்டுக்கொண்டிருக்கிறான். அல்லது அவனுக்கு ஒன்றும் தெரியாது, அது எரிந்த அடுப்பு, நான்தான் அதை வருஷா வருஷம் அணைக்கிறேன். போன் அடித்தது. பதினொன்று. கற்பகம் எடுத்து என் கையில் கொடுத்தாள். அண்ணே, சுகமா இருக்கீங்களா என்றான், நாகர்கோவிலில் ராத்திரியிலிருந்து விடாத மழை என்றான், மதினி என்ன சமையல் என்றான். அந்தப் பக்கம் மழைச் சத்தம் நிஜமாகவே கேட்டது, ஓட்டின்மேல், சரளை கொட்டினாற்போல. நான் கரண்டியை விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

"ஜெபா, அந்தப் பயற முந்தின நாள் ராத்திரி ஊறப்போட்டது யாரு?"